யூகான் ஆற்றில் எதிர்நீச்சல்

அன்புள்ள ஐயா,

கனடாவின் வடமேற்கில் நடந்த கிளோண்டைக் தங்க வேட்டை பற்றிய உங்கள் கட்டுரையில் நீராவிக் கப்பல்களை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். தங்கம் தேடிப் போனவர்கள் தாங்களே படகு கட்டித்தானே தங்க வயல்களின் நகரமான டாசனுக்குப் போனார்கள்? அப்புறம் கப்பல் எதை மாற்றியது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

1898இல், யூகானின் தலைப்பகுதியில் உள்ள பென்னெட் ஏரிக்கரையில் மரம் அறுத்துப் படகு கட்டியவர்கள் யூகான் ஆற்றின் போக்கிலேயே டாசன் போய்ச் சேர்ந்தார்கள். சரி, திரும்பி வருவது? கழி ஊன்ற வேண்டும், இல்லையென்றால் கரையில் நடந்தபடி படகைக் கயிறு கட்டி இழுக்க வேண்டும். நீராவி கைகொடுத்தது இந்த எதிர்த்திசைப் பயணத்துக்குத்தான். 1869லேயே முதல் கப்பல் கடல்முகத்திலிருந்து ஆற்றில் ஏறிவிட்டது.

ஆனாலும் அது சொகுசுப் பயணம் இல்லை. 1937இல் மறுபடி கட்டப்பட்ட ‘கிளோண்டைக்’ கப்பல் ஆற்றின் மேல்பகுதியில் உள்ள வைட்ஹார்ஸ் ஊரிலிருந்து டாசனுக்கு, சுமார் 740 கிலோமீட்டர், ஒன்றரை நாளில் இறங்கிவிடும். திரும்பி ஏற நாலைந்து நாள். பாறைகளுக்கு நடுவே ஆறு சீறிப் பாயும் ஃபைவ் ஃபிங்கர் என்ற இடத்தில், கப்பலைத் தள்ளும் துடுப்புச் சக்கரம் மட்டும் போதாது. அங்கே போட்டு வைத்திருந்த இரும்புக் கயிற்றை எடுத்து உருளையில் சுற்றிச் சுற்றி, கப்பல் தன்னைத்தானே மேலே இழுத்துக்கொள்ளும்.

அதைவிடப் பெரிய கவலை விறகு. ஏறும் பயணத்தில் ஆறு இடங்களில்கூட நிற்க வேண்டியிருக்கும். அடிப்பாகம் தட்டை, சக்கரம் பின்னால்; அதனால் மூக்கைக் கரையில் முட்டி நிறுத்தலாம். பலகை போட்டு, தள்ளுவண்டியில் விறகை ஏற்றுவார்கள். அதை வெட்டி அடுக்கிவைத்தவர்களில் அந்த மண்ணின் பூர்வகுடிகளும் உண்டு. கப்பலிலும் வேலை பார்த்தார்கள். கரையோரக் காடுகள் அப்படித்தான் கொதிகலனுக்குள் போயின. தங்கத்தின் கதையைச் சொல்பவர்கள் இந்த விறகுக் கணக்கைச் சொல்வதே இல்லை என்பது என் மனக்குறை.

பனியை மட்டும் நீராவியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வசந்தத்தில் ஆற்றுப் பனி உருகி வழி திறந்த பிறகும், அதே வழியில் உள்ள லபார்ஜ் ஏரி உறைந்தே கிடக்கும். பழைய எண்ணெயில் கரித்தூளைக் கலந்து பனிமேல் ஒரு தடம் போல ஊற்றுவார்கள். கறுப்பு வெயிலை இழுக்கும், அந்தத் தடம் முதலில் உருகும். சில நாள் முன்னதாகக் கிளம்பத்தான் இவ்வளவு பாடும்.

1950களில் சாலை வந்ததும் கப்பல்கள் நின்றன. ‘கிளோண்டைக்’ 1955இல் கடைசியாக ஓடியது. இன்று வைட்ஹார்ஸ் கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. கப்பல் துறையாக இருந்த செல்கர்க் கோட்டைப் பக்கம் சாலை போகவில்லை. குடியிருந்தவர்கள் சாலையோர ஊர்களுக்குப் போய்விட்டார்கள்.

அன்புடன்.