அகஸ்டஸ் வாழ்ந்தது 77 ஆண்டா, 76 ஆண்டா, 75 ஆண்டா?

கேள்வி: என் மகள் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறாள். ரோமப் பேரரசர் அகஸ்டஸ் பிறந்தது கி.மு. 63, இறந்தது கி.பி. 14. இறக்கும்போது அவருக்கு என்ன வயது என்பதற்கு கைடில் 77 என்றும், பயிற்சி மையக் குறிப்பில் 76 என்றும், இணையத்தில் 75 என்றும் இருக்கிறது. எதைப் படிப்பது?

பதில்: 75தான் சரி. மற்ற இரண்டு பேரும் எங்கே வழுக்கினார்கள் என்று பார்த்துவிட்டால், அப்புறம் யாருடைய வயதைக் கேட்டாலும் உங்கள் மகள் தானே போட்டுவிடுவாள்.

77 சொன்னவர் 63-ஐயும் 14-ஐயும் கூட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார். நடுவில் பூஜ்ஜியம் என்று ஓர் ஆண்டு இருந்தால் அது சரியாக வரும். ஆனால் அப்படி ஓர் ஆண்டே கிடையாது. கி.மு. 1 டிசம்பர் 31 முடிந்தால் மறுநாள் கி.பி. 1 ஜனவரி 1. மகளை ஒரு தாளில் வரிசையாக நான்கு கட்டம் போடச் சொல்லுங்கள்: கி.மு. 2, கி.மு. 1, கி.பி. 1, கி.பி. 2. முதல் கட்டத்தில் ஜூலை மாதம் ஒரு குழந்தை பிறந்ததாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஜூலையிலும் பிறந்தநாளை எண்ணச் சொல்லுங்கள். கி.மு. 1-இல் ஒரு வயது, கி.பி. 1-இல் இரண்டு, கி.பி. 2-இல் மூன்று. இரண்டையும் இரண்டையும் கூட்டினால் நான்கு வருகிறது, குழந்தைக்கோ மூன்று வயதுதான். பென்சில் பிடித்து ஒருமுறை இதைப் போட்டவர்கள் பிறகு மறந்து நான் பார்த்ததில்லை.

இந்த ஆண்டுக் கணக்கை 525-இல் தொடங்கி வைத்தவர் ரோமில் இருந்த டயோனிசியஸ் எக்சிகுவஸ் என்ற துறவி. ஈஸ்டர் நாளைக் கணிக்கும் அட்டவணைக்காக அதைச் செய்தார். அவர் கையில் இருந்த ரோமன் எண்களில் பூஜ்ஜியத்துக்குக் குறியே இல்லை. பூஜ்ஜியத்தை வைத்துக் கூட்டவும் கழிக்கவும் இங்கே பிரம்மகுப்தர் விதி எழுதியது 628-இல், அதாவது நூறு வருடம் கழித்து. இந்த ஒரு பத்தியைப் பள்ளிப் பாடத்தில் சேர்க்க எத்தனை வருடம்தான் வேண்டுமோ தெரியவில்லை. ஒரு நாடே இதில் தவறியிருக்கிறது: கி.மு. 490-இல் நடந்த மாரத்தான் போரின் 2,500-ஆவது ஆண்டை கிரேக்கம் 2010-இல் கொண்டாடியது. கணக்குப்படி அது 2011.

சரி, 76 எப்படி வந்தது? கூட்டி, ஒன்றைக் கழித்திருக்கிறார்கள். அதுவரை சரிதான். ஆனால் அகஸ்டஸ் பிறந்தது செப்டம்பர் 23, இறந்தது ஆகஸ்ட் 19. அந்த வருடப் பிறந்தநாளுக்கு 35 நாள் இருக்கும்போதே இறந்துவிட்டார். 76 நிறையவில்லை, அதனால் 75.

பயிற்சி மையங்கள் விற்கும் ‘பத்து வினாடிக் குறுக்குவழி’களைப் பற்றி இங்கே எச்சரிக்க வேண்டும். சிலர் ‘எப்போதும் 1 கழி’ என்கிறார்கள், சிலர் இந்த ஒரு கணக்கை மட்டும் பார்த்துவிட்டு ‘எப்போதும் 2 கழி’ என்கிறார்கள். இரண்டையும் நம்பாதீர்கள். ‘அகஸ்டஸ்’ என்பதே ஒரு பட்டம்தான், அதை அவர் பெற்றது கி.மு. 27 ஜனவரி 16. அதிலிருந்து இறந்த நாள் வரை எத்தனை ஆண்டு? 27-உம் 14-உம் 41, ஒன்று போக 40. ஜனவரி ஏற்கெனவே தாண்டிவிட்டதால் மேலும் கழிக்கக் கூடாது. ஆக, ஆண்டு ஒன்று எப்போதும் குறையும். இன்னொன்று குறையுமா என்பதை மாதமும் தேதியும்தான் சொல்லும். காசு வாங்கிக்கொண்டு குறுக்குவழி சொல்பவர்கள் மறைப்பது இந்த இரண்டாம் பாதியைத்தான்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் படித்தவர்களே இதில் மாட்டுகிறார்கள். வானியலாளர்கள் கணக்கில் பூஜ்ஜிய ஆண்டு உண்டு. அவர்களுக்குக் கி.மு. 1 என்பது 0, கி.மு. 2 என்பது -1. கி.மு. 585 மே 28-இல் நிகழ்ந்த சூரிய கிரகணம் நாசாவின் கிரகணப் பட்டியலில் -584 என்று இருக்கும். ஸ்டெல்லேரியம் போன்ற, வானத்தைத் திரையில் காட்டும் மென்பொருளில் -585 என்று தட்டினால் நீங்கள் தேடும் கிரகணம் வராது, ஒரு வருடம் முன்னால் போய் நிற்பீர்கள். கலியுகத் தொடக்கமான கி.மு. 3102 அங்கே -3101. திரையில் தெரியும் எண்ணிலிருந்து கழித்தல் குறியை எடுத்துவிட்டு, முன்னால் ‘கி.மு.’ என்று ஒட்டிப் புராண நிகழ்ச்சிகளுக்குத் தேதி குறித்துத் தருபவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் ஏமாறாதீர்கள். கழித்தல் குறியைக் கண்டால் எண்ணோடு ஒன்றைக் கூட்டிய பிறகுதான் கி.மு. என்று எழுத வேண்டும்.

திருவள்ளுவர் ஆண்டுக்கு மட்டும் ஏன் 31-ஐ அப்படியே கூட்டுகிறோம், ஒன்றைக் கழிப்பதில்லையே என்று மகள் கேட்கக்கூடும். அது நடக்கிற ஆண்டின் எண், முடிந்த ஆண்டுகளின் எண்ணிக்கை இல்லை. கி.மு. 31-ஐயே முதல் ஆண்டாக எண்ணுவதால் 2024 தை பிறந்ததும் 2055 வந்தது.

இனி தேர்வு. பல வருடங்களுக்கு முன் ஒரு தேர்வின் வினாத்தாளில் இதே கேள்வியைப் பார்த்தேன். கொடுத்திருந்த நான்கு விடைகளில் 75 இல்லவே இல்லை. சுட்டிக்காட்டியபோது ‘எல்லாக் கைடிலும் இப்படித்தான் இருக்கிறது’ என்று பதில் வந்தது. ராப்பகலாகப் படித்து வரும் பிள்ளைகளுக்கு இது அநியாயம், இன்றும் எனக்கு ஆறவில்லை. அப்படி வந்தால் 76-ஐக் குறிக்கச் சொல்லுங்கள், 77 பக்கமே போக வேண்டாம். உத்தேச விடைக்குறிப்பு வெளியானதும், ஆட்சேபம் தெரிவிக்கக் கொடுக்கும் நாட்களுக்குள், பிறந்த தேதியும் இறந்த தேதியும் முழுதாக உள்ள நல்ல வரலாற்று நூலின் பக்கத்தை நகலெடுத்துச் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். வெறும் ஆண்டு மட்டும் உள்ள பக்கத்தை அனுப்பினால் தள்ளிவிடுவார்கள்.