8.25 கிலோவுக்குள் எந்த பைபாட்?

கேள்வி: ஒட்டாவாவுக்கு அருகில் வசிக்கிறேன். 308 வின்செஸ்டர் ரைஃபிளும் அதற்கான உரிமமும் என்னிடம் உள்ளன. வரும் கோடையில் கானாட் சுடுதளத்தில் எஃப்-டி.ஆர். பிரிவில் (ரைஃபிளின் முன்பகுதியை பைபாட் என்ற இருகால் தாங்கியில் வைத்து, படுத்தபடி தொலைதூர இலக்கைச் சுடும் பிரிவு) போட்டியிட விரும்புகிறேன். இப்போது ஹாரிஸ் பைபாட் வைத்திருக்கிறேன். கடைக்காரர் அட்லஸ் வாங்கச் சொல்கிறார். கிளப்பில் உள்ளவர்களோ பனிச்சறுக்கு அடிகள் கொண்ட அகலமான பைபாட்தான் வேண்டும் என்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: கிளப்பில் உள்ளவர்கள் சொல்வதே சரி. ஆனால் காரணம் தெரியாமல் வாங்கினால் அந்த வகையிலும் தவறான ஒன்றை வாங்கிவிட வாய்ப்புண்டு. இந்தப் போட்டியில் நிலையான பைபாட் என்பது அசையாமல் நிற்பது மட்டுமன்று. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் ரைஃபிளை அதே கோட்டில் பின்னே செல்லவிட்டு, அதே இடத்துக்குத் திரும்பக் கொண்டுவர இடம் தருவது.

முதலில் அகலத்தைப் பாருங்கள். 1000 யார்டில் உச்சப் புள்ளி தரும் வளையத்தின் விட்டம் 10 அங்குலம். மையத்திலிருந்து அதன் விளிம்புக்கு 5 அங்குலம்தான். அந்தத் தூரத்துக்கு 308 குண்டைக் கொண்டுசேர்க்கக் குழலை முப்பது கோண நிமிடத்துக்கும், அதாவது அரைப் பாகைக்கும், மேல் உயர்த்த வேண்டியிருப்பதால், ரைஃபிள் ஒரே ஒரு பாகை பக்கவாட்டில் சாய்ந்தாலும் குண்டு 5 அங்குலத்துக்குக் குறையாமல் விலகிவிடும். எல்லாச் சுடுகைகளிலும் சாய்வு ஒரே அளவாக இருந்தால் ஸ்கோப்பில் அதைச் சரிக்கட்டிவிடலாம்; ஒவ்வொரு முறையும் மாறினால் ஒன்றும் செய்ய முடியாது. குண்டு குழலுக்குள் சுழலும்போது ரைஃபிள் எதிர்ப்பக்கமாகத் திருக முயல்கிறது. கால்கள் நெருக்கமாக உள்ள பைபாட் அந்தத் திருகலுக்கு எளிதில் இடம்கொடுத்துவிடும். ஹாரிஸின் குறை இதுவே. அட்லஸ் திடமாகச் செய்யப்பட்ட நல்ல பொருள்தான். ஆனால் அதன் சிறப்பு, கால்களை முன்னும் பின்னும் பல கோணங்களில் பூட்டிக்கொள்வதும் ரைஃபிளைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்வதும். இடத்துக்கு இடம் ஓடிச் சுடும் போட்டிகளுக்கு அவை தேவை. ஒரே இடத்தில் படுத்து ஒரே இலக்கைச் சுடும் உங்களுக்கு அந்த வசதிகளால் பயனில்லை, அவற்றுக்காகப் பணம் தருவது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை.

அடுத்தது அடிகள். ரப்பர் அடிகள் கெட்டியான தரையில் துள்ளும். கூர்முனை அடிகள் புல்தரையில் குத்தி நின்று பின்னுதைப்பைத் தடுக்கும். பனிச்சறுக்கு மட்டை போன்ற நீண்ட தட்டையான அடிகள் வழுக்கிச் சென்று திரும்பும். அடியில் பலகையோ விரிப்போ வைப்பதற்கு அளவு வரம்பு உண்டு என்பதால், அவற்றை வாங்குமுன் நடப்பு விதிப்புத்தகத்தைப் பார்த்துவிடுங்கள்.

உயரத்தை மாற்றும் முறையும் முக்கியம். பின்பக்கத்தில் மணல்பைக்கு மட்டுமே அனுமதி. திருகு வைத்த பின்தாங்கி கூடாது. ஆகவே குறியை மேலும் கீழும் நகர்த்துவது பெரும்பாலும் பைபாடின் வேலை. ஃபீனிக்ஸ் பைபாடில் திருகைச் சுழற்றி உயர்த்தலாம். இந்தோனேசியாவின் செபாஸ்டியன் லம்பாங் வடிவமைத்த செப் ஜாய்பாடில் ஒரே கைப்பிடியால் குறியை நான்கு திசையிலும் நகர்த்தலாம், விலையும் அதற்கேற்ப அதிகம். முதல் ஆண்டுக்கு ஃபீனிக்ஸ் வகையே போதும் என்பேன். மிச்சமாகும் பணத்தைத் தோட்டாவுக்குச் செலவிடுங்கள். காற்றைப் படிக்கப் பழகாதவருக்கு எந்த பைபாடும் புள்ளி வாங்கித் தராது.

எடையை மறக்க வேண்டாம். பைபாட், ஸ்கோப் எல்லாம் சேர்த்து 8.25 கிலோவைத் தாண்டக் கூடாது. பைபாடில் குறைக்கும் ஒவ்வொரு 100 கிராமையும் பின்னாளில் கனமான குழலுக்குப் பயன்படுத்தலாம். வீட்டிலேயே எல்லாவற்றையும் மாட்டி நிறுத்துப் பாருங்கள்.

உங்கள் ஸ்டாக்கின் (ரைஃபிளின் கட்டைப் பகுதி) அடியில் இருப்பது குறுக்குப் பள்ளங்கள் கொண்ட பிகாட்டின்னி பட்டையா, நீளவாக்கில் பள்ளம் கொண்ட ஆன்ஷுட்ஸ் வகையா, தோள்வாரை மாட்டும் வெறும் கொக்கியா என்று பார்த்து அதற்கான பிடிப்பையும் சேர்த்தே கேளுங்கள். அமெரிக்காவிலிருந்து தருவித்தால் அஞ்சல் செலவு, சுங்கம், ஒன்ராறியோவின் 13 சதவீத வரி எல்லாம் சேர்த்த பிறகே உள்ளூர் விலையோடு ஒப்பிட வேண்டும். பழுதானால் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பயன்படுத்திய பைபாட் வாங்கலாமா?

பதில்: தாராளமாக வாங்கலாம், நேரில் பார்த்து. கால்களை விரித்துச் சமதளக் கண்ணாடி மேல் வையுங்கள். இரண்டு அடிகளும் முழுதாகப் படிய வேண்டும். எல்லாத் திருகுகளையும் இறுக்கிவிட்டு, ரைஃபிளைப் பிடிக்கும் தலைப்பகுதியைக் கையால் திருகிப் பாருங்கள். மெல்லிய 'டக்' என்ற சத்தம் கேட்டால் மூட்டில் தேய்மானம் இருக்கிறது. அந்தத் தேய்மானம் திருகை மாற்றினால் தீருமா, துளையே அகன்றுவிட்டதா என்று கழற்றிப் பார்க்க விற்பவர் சம்மதிக்காவிட்டால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.