பறவைக் காய்ச்சல் வைரஸை ஆன்டிபாடி எப்படி அடையாளம் காண்கிறது? கேள்வி பதில்

கேள்வி: எச்5என்1 என்பதில் எச் எது, என் எது?

வைரஸின் மேலுறையில் துருத்தி நிற்கும் இரண்டு புரதங்கள். எச் என்பது ஹீமக்ளூட்டினின். மூன்று ஒரே மாதிரித் துண்டுகள் சேர்ந்த முள் இது. செல்லில் ஒட்டுவதும் உள்ளே நுழைவதும் இதன் வேலை. என் என்பது நியூரமினிடேஸ். புது வைரஸ்கள் செல்லை விட்டுக் கிளம்ப, அங்குள்ள சியாலிக் அமிலத்தை (எச் ஒட்டிக்கொள்ளும் சர்க்கரையை) வெட்டிவிடும். ஆன்டிபாடிகள் (உடலின் எதிர்ப்புப் புரதங்கள்) இரண்டையும் பிடிக்கும்.

கேள்வி: எலைசாவில் (தட்டில் ஒட்டிய புரதத்தை ஆன்டிபாடி பிடிப்பதை நிறத்தால் காட்டும் சோதனை) நன்றாக வேலை செய்யும் ஆன்டிபாடி, வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களைப் பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் சோதனை) பட்டையே காட்டவில்லை. கெட்டுவிட்டதா?

அநேகமாக இல்லை. ஆன்டிபாடி அமினோ அமில வரிசையைப் படிப்பதில்லை, மேற்பரப்பின் மேடுபள்ளத்தையும் மின்னூட்டத்தையும் தொட்டுப் பார்க்கிறது. தொடும் பரப்பில் சுமார் 15 முதல் 20 அமினோ அமிலங்கள் இருக்கும். வரிசையில் எங்கெங்கோ கிடப்பவை, புரதம் மடிந்ததால் பக்கத்தில் வந்தவை. வெஸ்டர்ன் பிளாட்டுக்காக எஸ்டிஎஸ் என்ற சோப்பு போன்ற வேதிப்பொருளைப் போட்டுக் கொதிக்கவைத்தால் மடிப்பு பிரிந்து அந்த இடமே கலைந்துவிடும். தூக்கிப் போடாதீர்கள்.

கேள்வி: ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால் ஆன்டிபாடி தோற்றுவிடுமா?

தோற்கலாம். முள்ளின் தலையில் சியாலிக் அமிலம் அமரும் குழி சிறியது, ஆன்டிபாடியின் பிடி அதைவிட அகலம். அதனால் குழியின் விளிம்பையும் சேர்த்தே பிடிக்கிறது. விளிம்பில் லைசின் போய் குளூட்டமிக் அமிலம் வந்தால், ஈர்ப்பு இருந்த இடத்தில் விலக்கம். வைரஸோ முன்போலவே செல்லில் ஒட்டும். புதிதாக ஒரு சர்க்கரைச் சங்கிலி முளைத்து இடத்தையே மூடுவதும் உண்டு.

கேள்வி: முள்ளின் தலைக்குக் கீழுள்ள தண்டுப் பகுதியைப் பிடிக்கும் ஆன்டிபாடி எச்.ஐ. (ஹீமக்ளூட்டினேஷன் இன்ஹிபிஷன்) சோதனையில் ஏன் தெரிவதில்லை?

அது ஒட்டுவதைத் தடுப்பதில்லை. உள்ளே போனபின் நடக்கும் சவ்வு இணைவைத் தடுக்கிறது. எச்.ஐ. பார்ப்பது, வைரஸ் சிவப்பணுக்களில் ஒட்டி அவற்றைத் திரட்டுவதை சீரம் (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) தடுக்கிறதா என்பதை மட்டுமே. சிஆர்6261 என்ற ஆன்டிபாடி எச்1, எச்5 இரண்டையும் தண்டில் பிடிக்கும், எச்.ஐ.யில் பூஜ்யம். நடுநிலையாக்கச் சோதனை (செல்லை வைரஸ் தொற்றாமல் ஆன்டிபாடி தடுக்கிறதா என்று பார்ப்பது) செய்யுங்கள்.

கேள்வி: எச்.ஐ.யில் எல்லா சீரமும் பாசிட்டிவ் வருகிறது. எங்கே தவறு?

முதலில் ஆன்டிஜெனை (சோதனைக்கு எடுக்கும் வைரஸை) திரும்ப அளந்து பாருங்கள். 25 மைக்ரோலிட்டரில் 4 ஹீமக்ளூட்டினேஷன் அலகு (சிவப்பணுவைத் திரட்டும் திறனின் அளவு) இருக்க வேண்டும். 2 இருந்தால் டைட்டர் (சீரத்தை எத்தனை மடங்கு நீர்த்தாலும் தடுக்கிறது என்ற எண்) ஒரு படி, அதாவது இரு மடங்கு, ஏறிவிடும். பாலூட்டி சீரம் என்றால் அதிலுள்ள சியாலிக் அமிலப் பொருட்களே வைரஸைக் கட்டிப்போடும். சீரம் 1 பங்குக்கு ஆர்டிஇ (அந்தச் சியாலிக் அமிலத்தை வெட்டும் நொதி) 3 பங்கு, 37 டிகிரியில் இரவு முழுக்க, பிறகு 56 டிகிரியில் 30 நிமிடம். இதைச் சுருக்கவே கூடாது. ஆன்டிஜெனின் என் வகையும் சீரத்தின் என் வகையும் ஒன்றானால், நியூரமினிடேஸ் ஆன்டிபாடி பக்கத்தில் நின்றே முள்ளை மறைக்கும். வேறு என் வகை ஆன்டிஜெனால் உறுதி செய்யுங்கள்.

படிக்கும்போது தட்டைச் சாய்க்க வேண்டும். அடியில் படிந்த சிவப்புப் பொட்டு, சிவப்பணு மட்டும் உள்ள குழியின் வேகத்திலேயே கண்ணீர்த்துளிபோல் வழிந்தால்தான் அது தடுப்பு. நேராகப் பார்த்துக் குறிப்பவர்கள் ஒரு படி தவறுவார்கள்.

கேள்வி: மனித சீரத்தில் எச்5 ஆன்டிபாடி தேடக் கோழிச் சிவப்பணு போதுமா?

குதிரைச் சிவப்பணு மேல். பறவை வைரஸ் விரும்பும் ஆல்ஃபா 2,3 இணைப்பு (சியாலிக் அமிலம் பக்கத்துச் சர்க்கரையோடு சேர்ந்திருக்கும் ஒரு விதம்) அதில் நிறைய. 1 சதவீதக் கரைசல், 60 நிமிடம் படியவிடுங்கள்.

கேள்வி: நியூரமினிடேஸ் ஆன்டிபாடிக்குத் தனிச் சோதனை?

ஃபெட்யூயின் (சியாலிக் அமிலம் கொண்ட புரதம்) பூசிய தட்டில் செய்வது. நொதி சியாலிக் அமிலத்தை வெட்டினால் காலக்டோஸ் வெளிப்படும், நிலக்கடலை லெக்டின் (சர்க்கரையில் ஒட்டும் புரதம்) அதில் ஒட்டி நிறம் தரும். ஆன்டிபாடி இருந்தால் நிறம் குறையும். எச் ஆன்டிபாடியும் வழிமறிக்கும் என்பதால், அந்த சீரம் சந்தித்திராத எச் வகை கொண்ட வைரஸையே எடுங்கள்.