பகை ஆறாத பக்கத்து நாட்டுக்கு யாரைத் தூது அனுப்புவது?

கடலூரில் முப்பது வருடம் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அண்டை நாடுகளுக்கு இடையே பழைய மனக்கசப்பு இருந்தால் அதைத் தீர்க்க யாரைத் தூது அனுப்பலாம் என்று கேட்டு வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

தேவனாம்பட்டினம், கல்லூரி மாணவி: தூதருக்கு முதல் தகுதி என்ன ஐயா? பேச்சுத் திறமையா, அனுபவமா?

இரண்டும் பிறகுதான் அம்மா. அவர் சொன்னால் இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து கேட்பார்களா? அதுதான் முதலில். 1978 டிசம்பரில் அர்ஜென்டினாவும் சிலியும் பீகிள் கால்வாயில் இருக்கும் மூன்று சிறு தீவுகளுக்காகப் போருக்கு நின்றன. தீவுகள் சிலிக்கே என்று 1977இல் வந்த நடுவர் தீர்ப்பை அர்ஜென்டினா ஏற்கவில்லை. படைகள் நகரத் தொடங்கிய நேரத்தில் போப் இரண்டாம் ஜான் பால், கர்தினால் அந்தோனியோ சமோரேயை அனுப்பினார். வயது 73. இரண்டும் கத்தோலிக்க நாடுகள். போப் அனுப்பிய ஆளை வாசலில் நிற்க வைத்தால் சொந்த மக்களே பொறுக்க மாட்டார்கள். கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு போய் இறங்கியவர், இரு தலைநகருக்கும் மாறி மாறிப் பறந்தார். 1979 ஜனவரி 8 அன்று மொண்டேவீடியோவில் கையெழுத்தானது. அதில் தீவு யாருக்கு என்று ஒரு வரிகூடக் கிடையாது. ஆயுதத்தைத் தொட மாட்டோம், போப் நடுவில் இருந்து பேசித் தீர்க்கட்டும், அவ்வளவுதான். தீவுகள் சிலிக்கு என்று முடித்த ஒப்பந்தம் வர 1984 நவம்பர் ஆனது. சமோரே அதைப் பார்க்கவில்லை. 1983இலேயே இறந்துவிட்டார்.

ஒரு எச்சரிக்கை, பின்னாலும் சொல்வேன்: ஆளைத் தேடும் முன் அவர் கையில் கொடுக்கப்போகும் ஓலையைப் பாருங்கள். ஒரே பயணத்தில் எல்லாவற்றையும் முடித்துவிட்டு வா என்று அதில் எழுதியிருந்தால் எப்பேர்ப்பட்டவரும் வெறுங்கையோடுதான் திரும்புவார்.

நெய்வேலி, வேலை தேடுபவர்: தூதராக என்ன தேர்வு எழுத வேண்டும்?

குடிமைப் பணித் தேர்வு எழுதி வெளியுறவுப் பணிக்குப் போக வேண்டும். நான் பேசுவது சிறப்புத் தூதரைப் பற்றி. அதற்குத் தேர்வு இல்லை.

விருத்தாசலம் வாசகர்: கச்சத்தீவைக் கொடுத்தது யார்?

1974 ஜூன் ஒப்பந்தம். கையெழுத்திட்டவர்கள் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும். பழி யார் மேல் என்பது இன்றைய பேச்சு அல்ல.

புதுச்சேரி, முத்தியால்பேட்டை வாசகர்: இலங்கைக்கு அனுப்புவதென்றால் தமிழரைத்தான் அனுப்ப வேண்டும். டெல்லி அதிகாரிக்கு நம் வலி எங்கே தெரியும்?

அனுப்பிப் பார்த்திருக்கிறோம் தம்பி. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இந்திரா காந்தி ஜி. பார்த்தசாரதியை அனுப்பினார். சீனாவிலும் பாகிஸ்தானிலும் தூதராக இருந்தவர். அவரை விடப் பொறுமையான ஆள் அன்று இல்லை என்பேன். மாவட்ட சபைகளை இணைத்து மாகாண அளவில் மண்டல சபை அமைக்கும் திட்டம் அவர் முயற்சியில் உருவானது. ஆனால் கொழும்பில் பலர் அவரைத் தமிழர் என்றே பார்த்தார்கள். 1984 முடிவதற்குள் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. 1985இல் வெளியுறவுச் செயலர் ரமேஷ் பண்டாரி வந்தார். கொழும்புக்கு அவரைப் பிடித்தது, தமிழ்த் தரப்புக்கு நம்பிக்கை வரவில்லை. இலங்கை அரசும் தமிழ் அமைப்புகளும் பூட்டானின் திம்புவில் நடத்திய பேச்சு அந்த ஆகஸ்டிலேயே முறிந்தது.

லாஸ்பேட்டை வாசகி: அப்படியானால் தமிழரே கூடாது என்கிறீர்களா? நம்மை நாமே ஒதுக்கிக்கொள்வதா?

அப்படிச் சொல்லவில்லை அம்மா. 1996 கங்கை நீர் ஒப்பந்தத்தைப் பாருங்கள். கங்கையில் இந்தியா கட்டிய பராக்கா அணையால் வங்கதேசத்துக்குப் பல வருடத்துக் கசப்பு. நவம்பரில் டாக்கா போனவர் மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு. அவர் பூர்வீகமே அந்தப் பக்கம், மொழியும் ஒன்று. டிசம்பர் 12 அன்று 30 வருட ஒப்பந்தம் கையெழுத்தானது. தண்ணீரை விட்டுக்கொடுக்க வேண்டியது அவருடைய மாநிலம். ஊருக்குத் திரும்பி வந்து "கொடுத்துவிட்டு வந்தேன்" என்று அவரால் சொல்ல முடிந்தது. உறவு உதவியது உண்மை. காரியத்தை முடித்தது அந்தத் தைரியம்.

முத்தியால்பேட்டை வாசகர், மறுபடி: டாக்காவில் ஆண்டவர்களும் வங்காளிகள் ஐயா. கொழும்பு அப்படியா?

சரியான அடி. ஒத்துக்கொள்கிறேன், அந்த உதாரணத்தை அப்படியே இங்கே பொருத்தியது என் தவறு. கொழும்புக்கு இருவர் சேர்ந்து போக வேண்டும். ஒருவர் அவர்கள் நம்புகிறவர், ஒருவர் நம் மக்கள் நம்புகிறவர். யாருடைய வாழ்க்கையோ அவர்களுடைய ஆள் இல்லாத பேச்சு என்ன ஆகும் என்பதற்கு 1964 சாஸ்திரி சிறிமாவோ ஒப்பந்தம் இருக்கிறது. 9,75,000 மலையகத் தமிழர்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று பங்கு போட்டார்கள். தோட்டத்தில் கொழுந்து பறித்த ஒருவரிடமும் கேட்கவில்லை. அந்த மிச்சத்தையும் 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இதை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

பண்ருட்டி, சிதம்பரம், வில்லியனூர் வாசகர்கள்: கச்சத்தீவை மீட்க யாரை அனுப்பலாம்? கச்சத்தீவு யாருடையது? கச்சத்தீவை ஏன்...

விருத்தாசலத்துக்குச் சொன்னதைப் படியுங்கள். அடுத்த கச்சத்தீவுக் கேள்விக்குப் பதில் வராது. "மீட்டு வா" என்று ஓலை கொடுத்து அனுப்பினால் அது தூது இல்லை.

மஞ்சக்குப்பம் வாசகர்: நம் பக்கத்தில் இப்படித் தூது நடந்ததுண்டா?

உண்டு. 1754 ஜனவரியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கர்நாடகப் போரை நிறுத்தப் பேச, டச்சுக்காரர் வசமிருந்த சதுரங்கப்பட்டினத்தில் கூடினார்கள். பொது இடம், நல்ல தேர்வு. ஆங்கிலேயர் பக்கம் பால்க், வான்சிட்டார்ட். புதுச்சேரி அனுப்பியவர்களில் லவோர் பாதிரியார் ஒருவர். ஆனால் கர்நாடகத்தின் மேல் தனக்கு இருப்பதாகச் சொன்ன அதிகாரத்தைப் புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளே விடவில்லை, தாங்கள் ஆதரித்த நவாப் முகமது அலியை ஆங்கிலேயர் விடவில்லை. சில நாளில் கலைந்தது. ஆகஸ்டில் பிரான்சிலிருந்து கொதேயு வந்து துய்ப்ளேயின் இடத்தில் உட்கார்ந்தார், போரும் நின்றது. அவர் கொண்டுவந்த ஓலை வேறு.

கடலூர் துறைமுகம், மீனவர்: என் தம்பி போன படகு அக்கரையில் பிடிபட்டுக் கிடக்கிறது. எங்களுக்காக யார் போகணும்?

உங்கள் கேள்வியைக் கடைசிக்கு வைத்தேன் தம்பி, பதில் எனக்கே கஷ்டமானது. அக்கரையில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கடலுக்குப் போகிறவர்களும் தமிழர்கள்தான். கடலடியை வாரிக்கொண்டு வரும் நம் இழுவை மடி அவர்கள் வலையை அறுக்கிறது, குஞ்சு மீனையும் அள்ளுகிறது. அடிமட்ட இழுவையை இலங்கை 2017இல் சட்டம் போட்டே தடுத்துவிட்டது. 2010 ஆகஸ்டில் அக்கரை மீனவர்களே தமிழ்நாட்டுக்கு வந்து பேசினார்கள். ஒரு வருடத்தில் இழுவையை விட்டுவிடுவதாக நம் பக்கம் ஒப்புக்கொண்டார்கள். நடக்கவில்லை. படகையும் ஆட்களையும் மீட்டு வருவதை அதிகாரிகள் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். பகையைத் தீர்க்கப் போகிறவர் மட்டும் உங்களில் ஒருவராக இருக்கட்டும். திரும்பி வந்து, இழுவை மடியை விடுங்கள் என்று உங்கள் முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவர். ஊர்க் கூட்டத்தில் அதை யார் சொன்னால் எழுந்து போகாமல் கேட்பீர்கள்? யோசித்து எனக்கு எழுதுங்கள்.