சேல்ஸ் டாக்ஸே இல்லாத மாநிலத்துல 4% எதுக்கு? வாசகர் கேள்வி பதில்

கேள்வி (திருநெல்வேலி வாசகர்): பையன் சியாட்டில்ல இருக்கான். யெல்லோஸ்டோன் பார்க் பாக்க போனப்போ மொண்டானா மாநிலத்துல பிக் ஸ்கைங்கற மலை ஊர்ல தங்குனோம். "இங்க சேல்ஸ் டாக்ஸே கிடையாதுப்பா"ன்னு வழி பூரா சொல்லிக்கிட்டே வந்தான், ஆனா ராத்திரி சாப்பாட்டு பில்லுல ரிசார்ட் டாக்ஸ்னு 4% போட்டிருந்துச்சு. மறுநாள் அதே ஊர்ல பாலும் பிரெட்டும் வாங்குனா டாக்ஸ் இல்ல. ஏமாத்திட்டாங்களா?

பதில்: இல்லீங்க, ரெண்டு பில்லும் சரிதான், உங்க பையன் சொன்னதும் சரிதான். மொண்டானாவுல மாநிலம் முழுக்க போடுற பொது சேல்ஸ் டாக்ஸ் கிடையாது, 1971லயும் 1993லயும் கொண்டு வரப் பாத்தாங்க, ரெண்டு தடவையும் ஜனங்க ஓட்டு போட்டு விரட்டிட்டாங்க. ஆனா நடுவுல 1985ல ஒரு சின்ன கதவ மட்டும் திறந்து வெச்சாங்க. டூரிஸ்ட்ட நம்பி பொழைக்கிற, ஜனத்தொகை கம்மியான ஊரா இருந்தா, அந்த ஊர்க்காரங்களே ஓட்டு போட்டு 3% வரைக்கும் ரிசார்ட் டாக்ஸ் போட்டுக்கலாம்னு சட்டம். யெல்லோஸ்டோன் வாசல்லயே இருக்கிற வெஸ்ட் யெல்லோஸ்டோன் தான் மொதல்ல போட்டுச்சு, 1986ல. பிக் ஸ்கை 1992ல சேந்துச்சு. அப்புறம் 2019ல தண்ணி, சாக்கடை மாதிரி கட்டமைப்பு வேலைக்கு மட்டும் கூடுதலா 1% போட்டுக்கலாம்னு சட்டத்த மாத்துனாங்க, 2020ல பிக் ஸ்கைல அதுக்கும் ஓட்டு விழுந்துச்சு, அப்படித்தான் நீங்க பாத்த 4.

பாலுக்கு ஏன் இல்லன்னா சட்டத்துலயே அப்படி எழுதியிருக்கு. ரூம், ஓட்டல் சாப்பாடு, பார், பனிச்சறுக்கு டிக்கெட், டூரிஸ்ட் வாங்குற ஞாபகப் பொருள் இதுக்கெல்லாம் உண்டு, சமைக்காத மளிகை, மருந்து, ஆணி சுத்தியல் மாதிரி சாமான், வாழ்க்கைக்கு அவசியமானது எதுக்கும் கிடையாது. என்னைக் கேட்டா இந்த சட்டத்தோட மூளையே இந்த இடத்துல தான் இருக்கு. உள்ளூர்க்காரன் கிட்ட போய் டாக்ஸுக்கு ஓட்டு போடுன்னா எவன் போடுவான்? உன் வீட்டு அரிசி பருப்புல கை வைக்க மாட்டோம்னு மொதல்லயே எழுதிக் குடுத்ததால தான் போட்டான். (ரூம் பில்ல இன்னொரு தடவ பாருங்க, மாநில அரசோட தங்கும் வரி 8% தனியா இருக்கும், அது வேற கணக்கு.)

கேள்வி (கோவை வாசகர்): பிக் ஸ்கைக்கு மேயரே கிடையாதுன்னு படிச்சேன். அப்ப அந்தக் காசு யாரு கைக்கு போகுது?

பதில்: நல்ல கேள்வி. பிக் ஸ்கைங்கறது சட்டப்படி ஒரு நகராட்சியே இல்ல. செட் ஹன்ட்லின்னு என்பிசி டிவில நியூஸ் வாசிச்சு அமெரிக்கா பூரா தெரிஞ்ச மனுஷன் ஓய்வு பெற்ற கையோட சொந்த மாநிலத்துக்கு வந்து ஆரம்பிச்ச ரிசார்ட், 1973ல திறந்தாங்க, அதச் சுத்தி ஊர் தானா வளந்துருச்சு. அதுலயும் பாதி ஊர் காலட்டின் கவுன்ட்டில (கவுன்ட்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி), மீதி மேடிசன் கவுன்ட்டில. மேடிசன் கவுன்ட்டியோட தலைமையிடம் வர்ஜீனியா சிட்டி, அங்கேர்ந்து ஷெரிஃப் ஆபீஸ் (கவுன்ட்டி போலீஸ்) ஆள் வரணும்னா மலையச் சுத்திக்கிட்டு தான் வரணும், அதுவும் பனிக்காலத்துல. அதனால ரிசார்ட் டாக்ஸுக்குன்னே தனியா ஒரு வட்டார அமைப்பு, அதுக்கு ஊர்க்காரங்க ஓட்டு போட்டு தேர்ந்தெடுக்குற அஞ்சு பேர் போர்டு. அரசாங்கம்னு சொல்லிக்க அந்த ஊருக்குன்னு இருக்கறதுல பெரிய ஆள் இந்த போர்டு தான்.

கடைக்காரர் பில்லுல வசூல் பண்ணி போர்டுக்கு கட்டணும். வசூல் பண்ற செலவுக்குன்னு அவர் 5% வரைக்கும் வெச்சுக்க சட்டத்துல இடம் இருக்கு. வருஷா வருஷம் ஊர்ல இருக்கிற அமைப்புங்க எங்களுக்கு இவ்வளவு வேணும்னு மனு போடும், போர்டு பொதுக்கூட்டத்துல உக்காந்து பிரிச்சுக் குடுக்கும். தீயணைப்பு ஆம்புலன்ஸ், கூடுதல் ஷெரிஃப் போலீஸ், லைப்ரரி, நடைபாதை, குழந்தைங்க காப்பகம், வேலைக்காரங்களுக்கு வீடு, எல்லாமே இந்த லிஸ்ட்ல வரும். ஊருக்குள்ள ஓடுற ஸ்கைலைன் பஸ்ல டிக்கெட் கிடையாது பாத்திருப்பீங்க, அதுக்கும் இந்தக் காசு தான். ஆக நீங்க சாப்பிட்ட சாப்பாட்டுல போன 4 பர்சென்ட்ல உங்களுக்கும் கொஞ்சம் பஸ்ஸா திரும்பி வந்திருக்கு.

கேள்வி (அதே வாசகர்): டூரிஸ்ட் காசுல ஊர்க்காரன் சொகுசா இருக்கான்னு தானே அர்த்தம்?

பதில்: பாதி தான் சரி. டூரிஸ்ட் வந்து தான் ரோடு தேயுது, அவன் கால் உடைஞ்சா ஆம்புலன்ஸ் ஓடுது, அவன் குளிக்கிற தண்ணிக்கு தான் சாக்கடை சுத்திகரிப்பு பெருசா கட்ட வேண்டியிருக்கு, இதையெல்லாம் சில ஆயிரம் பேர் மட்டும் சொத்து வரில தாங்குன்னா எப்படி தாங்குவாங்க. ஒயிட்ஃபிஷ்னு வடக்க இன்னொரு ஊர், அங்க 2%ஆ இருந்தத 2015ல ஓட்டு போட்டு 3% ஆக்குனாங்க, எதுக்குன்னா ஊருக்கு குடிதண்ணி வர்ற ஹாஸ்கில் பேசின் காட்ட பங்களா கட்ட விடாம காப்பாத்த. மர கம்பெனிக்கு சொந்தமான 3,000 ஏக்கருக்கு மேல, இனி யாரும் அங்க வீடு கட்ட முடியாதபடி நிரந்தர ஒப்பந்தம் போட்டாங்க. டூரிஸ்ட் சாப்பிட்ட பில் தண்ணிய காப்பாத்துச்சு.

ஆனா எனக்கு உறுத்துற விஷயம் ஒண்ணு இருக்கு. பிக் ஸ்கை ஓட்டல்ல தட்டு கழுவுற பையன் வெளிய போய் ஒரு பர்கர் சாப்பிட்டாலும் அதே 4% கட்டுறான், அவனுக்கு அந்த ஊர்ல வாடகைக்கு வீடு கிடைக்காது, நிறைய பேர் போஸ்மன்ங்கற ஊர்லேர்ந்து பள்ளத்தாக்கு ரோட்டுல தினமும் வந்துட்டு போறாங்க. டூரிஸ்ட்ட இழுக்குற அதே அழகு தான் வீட்டு விலையையும் ஏத்துது, டாக்ஸ்ல வர்ற காசு அதுக்குப் பின்னாடி மூச்சு வாங்க ஓடுது. அதனால தான் அந்த கூடுதல் 1%ல சாக்கடை பிளான்ட் பெருசாக்கும்போது, கிடைக்கிற புது இணைப்புல ஒரு பங்கு வேலைக்காரங்க வீட்டுக்குன்னு ஒதுக்கணும்னு ஒப்பந்தம் பேசுனாங்க. சாக்கடை கனெக்‌ஷன் இல்லாம எந்த வீடும் எழும்பாதே. இன்னொண்ணு, பனி சரியா விழாத வருஷம் கூட்டம் குறைஞ்சா வசூலும் குறையும், ஆம்புலன்ஸ் டிரைவர் சம்பளம் குறையாது.

கேள்வி (திண்டுக்கல் வாசகி): நம்ம கொடைக்கானல் நகராட்சி இப்படி போட முடியுமா?

பதில்: முடியாதும்மா. 2017ல ஜிஎஸ்டி வந்தப்போ மாநிலங்க ஓட்டல் ரூமுக்கு வாங்கிட்டிருந்த சொகுசு வரியும் அதுக்குள்ள போயிருச்சு. இப்ப ரூம் பில்லுல வர்ற ஜிஎஸ்டி மத்திய அரசுக்கு பாதி, மாநிலத்துக்கு பாதி, நகராட்சிக்கு நேரடியா எதுவும் இல்ல, மாநிலம் பிரிச்சுக் குடுக்கறத வாங்கிக்கணும். இந்த மாதிரி செலவு மேல போடுற வரில கேளிக்கை வரிய தான் உள்ளாட்சிக்கு விட்டு வெச்சிருக்காங்க. சீசன்ல நீங்க ரெண்டு நாள் தங்கி செலவு பண்ணுனாலும் அங்க குப்பை அள்ளுறவருக்கும் உங்க பில்லுக்கும் நேரடி சம்பந்தமே கிடையாது.

கேள்வி (திருநெல்வேலி வாசகர், மறுபடியும்): ஏர்போர்ட்ல அந்த 4%ஐ திருப்பி வாங்கலாமா? சிங்கப்பூர்ல வாங்குனோமே.

பதில்: மொண்டானாவுல அந்த வசதி கிடையாது. சிங்கப்பூர்லயே கூட பொருளுக்கு தான் குடுப்பாங்க, சாப்பிட்டு முடிச்சதுக்கு அங்கயும் குடுக்க மாட்டாங்க சார்.