பெலே இல்லாத உலகக் கோப்பை

கேள்வி: 1962 உலகக் கோப்பையை பிரேசிலுக்கு வென்று தந்தவர் பெலேதானே? காரிஞ்சா என்பவரின் பெயரையும் சிலர் சொல்கிறார்களே?

பதில்: சிலியில் நடந்த அந்தப் போட்டியின் இரண்டாவது ஆட்டத்திலேயே பெலே காயமுற்று விலகிவிட்டார். அதன்பின் அணியைத் தோளில் சுமந்தவர், வலது ஓரத்தில் ஆடிய காரிஞ்சாதான். காலிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக இரண்டு கோல்களும், அரையிறுதியில் சிலிக்கு எதிராக இரண்டு கோல்களும் அடித்தார். அவற்றுள் தலையால் முட்டி அடித்தவையும் உண்டு என்பது, உயரம் குறைந்த அவரைப் பொறுத்தவரை வியப்புக்குரியது.

1933-இல் பாவ் கிராண்டி என்ற ஆலை ஊரில் பிறந்த அவருக்கு இரு கால்களும் ஒரே பக்கமாக வளைந்திருந்தன. இளமையில் அங்குள்ள துணி ஆலையில் வேலை பார்த்தவர், 1953-இல் பொடாஃபோகோ கிளப்பில் சேர்ந்தார். எதிராளியை ஒரு பக்கம் சாயவைத்து, மறுகணம் வலப்புறமாகப் பாயும் அவருடைய உத்தி எல்லோரும் அறிந்ததே. அறிந்திருந்தும் தடுக்க முடியாமல் போனதுதான் அவருடைய மேதைமை என்பேன்.

குடிப்பழக்கம் அவரைச் சிதைத்தது. 1983-இல், 49 வயதில் மறைந்தார். பெலேயும் அவரும் சேர்ந்து ஆடிய எந்தச் சர்வதேச ஆட்டத்திலும் பிரேசில் தோற்றதில்லை. தேசிய அணிக்காக அவர் கண்ட ஒரே தோல்வி, 1966-இல் ஹங்கேரியிடம். அதுவே அந்த அணிக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டம்.