ரீல்ஃபுட் ஏரியில் மிதக்கும் குடில்: வாசகர் கேள்விகள்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், ரீல்ஃபுட் ஏரியில் கைடு ஒருவரோடு மிதக்கும் குடிலில் உட்கார்ந்து வாத்து வேட்டை பார்த்ததைச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். நான் சுடுவதில்லை. மெம்பிஸில் வேலை பார்த்த காலத்தில், உடன் வேலை செய்தவர்கள் துப்பாக்கி எடுத்துக்கொள்வார்கள், நான் பைனாகுலரும் பிளாஸ்கும் எடுத்துக்கொள்வேன். வந்த கடிதங்களில் பாதி கேள்வி, பாதி திட்டு. இரண்டுக்கும் பதில் இதோ.

மிதக்கும் குடில் என்கிறீர்களே, அது படகா, வீடா? எதற்கு இத்தனை ஏற்பாடு? கரையில் நின்று சுட்டால் ஆகாதா?
*வாசகர், நாகர்கோவில்*

கரையில் நின்று தாராளமாகச் சுடலாம். வாத்து கரைக்கு வர வேண்டுமே!

அடியில் மிதவை, அதன்மேல் பலகைத் தளம், தளத்தின்மேல் நீளவாக்கில் ஒரு கொட்டகை. அதுதான் குடில். ரீல்ஃபுட்டில் தண்ணீருக்குள் கால் நாட்டிக் கட்டியவையும் உண்டு. மிதப்பதில் ஒரு வசதி, ஏரி மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் குடிலும் கூடவே ஏறி இறங்கும். நாணல், ஓக் கிளை, சைப்ரஸ் தழை என்று அந்த ஏரிப் பக்கம் எது வளருமோ அதையே வெளியில் கட்டி மூடியிருப்பார்கள்.

அந்த ஏரியின் பிறப்பே விநோதம். 1811 டிசம்பரிலிருந்து 1812 பிப்ரவரி வரை நியூ மாட்ரிட் பகுதியைக் குலுக்கிய நிலநடுக்கங்களில் நிலம் தாழ்ந்து, காடு இருந்த இடத்தில் தண்ணீர் நின்றுவிட்டது. மிசிசிப்பி ஆறு கொஞ்ச நேரம் பின்னோக்கி ஓடியதாகவும் சொல்வார்கள். ஏரி ஆழமில்லை, ஆனால் அடியில் பழைய மரங்களின் அடிக்கட்டைகள் ஏராளம். விடியாத இருட்டில் படகின் விசிறி எதிலும் மோதாமல் குடிலுக்குப் போய்ச் சேர உள்ளூர்க்காரர் வேண்டும். கைடுக்குக் காசு கொடுப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

உள்ளே முன்பக்கம் மார்பளவுத் தடுப்பு, அதற்குப் பின்னால் நீள பெஞ்சு. துப்பாக்கியைச் சாய்த்துவைக்க ஆளுக்கொரு வெட்டு. ஒருவருடையதை இன்னொருவர் தொடமாட்டார். ஓரத்தில், விழுந்த வாத்தை எடுத்துவரும் நாய்க்கென்று ஒரு குட்டி வாசல், அதிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் சாய்பலகை. பின்னால் கேஸ் அடுப்பு. முதல் வாத்துக் கூட்டம் வந்து போனதும் கைடின் உதவியாள் வாணலியில் பேக்கனைப் போட்டுவிடுவார். விரல் மரத்துப்போகிற குளிரில் அந்தச் சத்தத்தைக் கேட்கும்போது வாத்தை யார் நினைக்கிறார்கள்? ஒரு எச்சரிக்கை: அடுப்போ ஹீட்டரோ எரியும்போது காற்றுக்கு வழி விட்டே ஆக வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது.

வாத்து அவ்வளவு ஏமாளியா? தண்ணீரில் மிதக்கவிடும் வாத்து பொம்மையைப் பார்த்தா வந்து இறங்குகிறது?
*வாசகி, காரைக்குடி*

ஏமாளியே இல்லை அம்மா. சீசன் தொடங்கி ஒரு மாதம் சுடுபட்டுத் தப்பிய மல்லார்டு என்கிற காட்டு வாத்து, பொம்மைகளுக்கு மேலே இரண்டு மூன்று வட்டம் அடித்துவிட்டு ஏதோ சரியில்லை என்று போய்க்கொண்டே இருக்கும். கைடின் திறமை அந்த இரண்டு மூன்று வட்டத்துக்குள்தான் தெரியும்.

வாத்து காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். அதனால் காற்று முதுகில் படும்படி உட்கார்ந்து, முன்னால் பொம்மைகளை மிதக்கவிட்டு, நடுவில் ஒரு வெற்றிடம் விடுவார்கள். பறவை இறங்க வேண்டிய இடம் அது. காற்றே இல்லாத நாளில் பொம்மைகள் அசையாமல் கிடக்கும், அதைப் பார்த்தாலே வாத்து விலகிவிடும். அதற்கு ஒரு கயிறு உண்டு. தண்ணீருக்குள் ஓடும் அந்தக் கயிற்றில் நாலைந்து பொம்மைகளைக் கட்டி, குடிலுக்குள்ளிருந்து சுண்டிச் சுண்டி இழுத்தால் தண்ணீர் நெளியும், பொம்மைக்கு உயிர் வந்துவிடும். நான் போகும்போதெல்லாம் என் கையில் கொடுக்கப்பட்ட வேலை இதுதான்.

அப்புறம் வாத்துக் குரல் எழுப்பும் ஊதல். கைடின் கழுத்தில் இரண்டு மூன்று தொங்கும். மல்லார்டில் உரத்து 'க்வாக்' என்று கத்துவது பெட்டை. பச்சைத்தலையை மினுக்கிக்கொண்டு திரியும் ஆணுக்குக் குரல் கரகரத்து அடங்கித்தான் வரும். ஆகவே ஊதலில் வருவது பெட்டையின் குரல். வாத்து நம்மைப் பார்த்து வரும்போது நல்ல கைடு ஊதமாட்டார். அது திரும்பி, வாலைக் காட்டும்போது ஊதுவார். புதுசாக ஊதல் வாங்கியவர்கள் நேர்மாறாகச் செய்து கூட்டத்தையே விரட்டிவிடுவார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் வாய்திறக்காமல் காப்பி குடிப்பார்கள்.

வட்டமடிக்கும்போது யாரும் தலைதூக்கக் கூடாது. மேலேயிருந்து பார்க்கிற பறவைக்கு வெளிச்சத்தில் பளிச்சிடும் முகம் ஒன்றே போதும். 'சுடு' என்று சொல்லும் உரிமை கைடு ஒருவருக்கே. அதற்குமுன் எழுந்து நிற்பவரை அடுத்த தடவை கூப்பிடமாட்டார்கள்.

என் மகன் நாஷ்வில்லில் எச்-1பி விசாவில் இருக்கிறான். அவன் மேலாளர் இந்த வேட்டைக்குக் கூப்பிடுகிறார். போகலாமா?
*வாசகர், ஈரோடு*

வேடிக்கை பார்க்க என்றால் தாராளமாகப் போகட்டும். துப்பாக்கியைக் கையில் வாங்குவது வேறு விஷயம், சற்றுக் கவனமாகப் படியுங்கள். எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் தடை செய்கிறது. மேலாளர் இரவல் கொடுப்பதை வாங்கினாலும் சிக்கல்தான். அங்கே முறைப்படி எடுத்த வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் விலக்கு உண்டு. எனவே முதலில் லைசென்ஸ், பிறகுதான் துப்பாக்கி. 1969 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னோ பிறந்தவர்களுக்கு டென்னசியில் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியும் வேண்டும். விசா விஷயமாதலால் அலுவலக வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

இதுபோக, 16 வயது நிரம்பிய எவரும் 25 டாலர் கொடுத்து மத்திய அரசின் 'டக் ஸ்டாம்ப்' என்கிற வாத்து வேட்டை முத்திரையை வாங்க வேண்டும். தாள் ஸ்டாம்ப் என்றால் அதன்மேல் மையால் கையெழுத்துப் போடாதவரை செல்லாது. ஈய ரவை கூடாது. வாத்து வேட்டையில் அது 1991-லிருந்து நாடு முழுக்கத் தடை, ஸ்டீல் போன்ற நச்சில்லாத ரவைதான். துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் கொள்ளக் கூடாது. சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னால் தொடங்கலாம், அஸ்தமனத்தோடு சரி. ரீல்ஃபுட் இருக்கும் மிசிசிப்பி வலசைப் பாதையில் ஒருவருக்கு நாளுக்கு ஆறு வாத்து, அதில் மல்லார்டு நான்கு, அந்த நான்கிலும் பெட்டை இரண்டுக்கு மேல் கூடாது. வீடு சேரும்வரை ஒவ்வொரு பறவையிலும் ஒரு சிறகோ தலையோ அப்படியே இருக்க வேண்டும், அதிகாரி இனம் பார்ப்பதற்காக.

லைஃப் ஜாக்கெட் போடாத கைடோடு மட்டும் போக வேண்டாம் என்று சொல்லுங்கள். ஜனவரித் தண்ணீரில் நீச்சல் தெரிந்தவன் கையும் சில நிமிடங்களில் விறைத்துவிடும்.

வேடந்தாங்கல் இருக்கிற மண்ணில் பிறந்துவிட்டு, பறவையைக் கொல்வதை ரசித்து எழுத வெட்கமாக இல்லையா?
*வாசகர், மதுராந்தகம்*

கோபம் நியாயம்தான். 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் பேசிப் பறவைகளுக்குப் பாதுகாப்பு வாங்கிய ஊரின் பக்கத்து ஊர்க்காரர் நீங்கள், கேட்க உரிமை உண்டு.

ஆனாலும் ஒரு கணக்கைப் பாருங்கள். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் வாத்தைச் சந்தைக்காகச் சுட்டார்கள். செசபீக் விரிகுடாவில் 'சிங்க்பாக்ஸ்' என்று ஒன்று இருந்தது. நீர்மட்டத்துக்குக் கீழே தாழ்ந்து மிதக்கும் பெட்டிக்குள் ஆள் மல்லாந்து படுத்துக்கொள்வான். பெட்டி மேலே வராமலிருக்க அதன் ஓரத்தில் இரும்பு வாத்துகளைப் பாரமாக வைப்பார்கள். நான் பார்த்த குடிலுக்கு அது கொடூரமான பெரியப்பன். 1918-இல் வலசைப் பறவைச் சட்டம் வந்து இறைச்சி வியாபாரம் நின்றது. 1935-இல் சிங்க்பாக்ஸ், தானியம் தூவுதல், உயிருள்ள வாத்தைக் கட்டிப்போட்டு ஏமாற்றுதல் மூன்றும் போயின. அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1934-இல் வந்ததுதான் டக் ஸ்டாம்ப். முதல் ஸ்டாம்பின் விலை ஒரு டாலர், படம் வரைந்தவர் கார்ட்டூனிஸ்ட் டிங் டார்லிங். இன்றைக்கு ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் சதுப்பு நிலத்துக்கே போகிறது. இதுவரை 60 லட்சம் ஏக்கருக்கு மேல் காப்பாற்றப்பட்டிருக்கிறது. நம் ராஜஸ்தானின் பரத்பூரில் 1938 நவம்பர் 12 அன்று, வைஸ்ராய் லின்லித்கோ கலந்துகொண்ட ஒரே நாள் வேட்டையில் 4,273 பறவைகள் விழுந்தன. அங்கே ஸ்டாம்பும் இல்லை, வரம்பும் இல்லை.

இதனால் கொலை புண்ணியம் ஆகிவிடாது. அடிபட்டு, நாய்க்கும் அகப்படாமல் நாணலுக்குள் போய் மறைகிற பறவையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் காப்பி இறங்குவதில்லை.

அங்கே சுடப்படும் ஊசிவால் வாத்துதான் கோடியக்கரைக்கும் வருகிறதா?
*மாணவி, வேதாரண்யம்*

இனம் ஒன்று, வழி வேறு. ரீல்ஃபுட்டுக்கு வருபவை கனடாவின் புல்வெளிகளிலும் வடக்கேயும் குஞ்சு பொரிப்பவை. உங்கள் ஊருக்கு வருபவை சைபீரியா, மத்திய ஆசியப் பக்கம். தட்டைவாயனுக்கும் இதே கதைதான்.

எங்கள் ஊர் ஏரியிலும் இப்படி ஒரு குடில் போட்டு டிக்கெட் வைத்தால் ஓடுமா?
*வாசகர், ராணிப்பேட்டை*

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கையில் இருக்கிறதா? டிக்கெட் அச்சடிக்கும்போதே ஜாமீன் மனுவும் அச்சடித்துவிடுங்கள். கேமராக்காரர்களுக்குக் குடில் போடுவதாக இருந்தால் வனத்துறையிடம் கேட்டுப் பாருங்கள், நானும் வருகிறேன்.

அந்த வாத்தை எப்படிச் சமைப்பது? கறி முடைநாற்றம் அடிக்காதா?
*வாசகி, பரமக்குடி*

காசுக்கு விற்கக் கூடாது என்பது சட்டம், எனவே சுட்டவர் வீட்டில்தான் சாப்பிட்டேன். தானியம் தின்ற மல்லார்டு நல்ல ருசி. மீன் தின்னும் மெர்கான்சர் என்றால் இலையை மடித்துவிடலாம். மெம்பிஸ் நண்பர் நெஞ்சுக்கறியை வெண்ணெயில் லேசாக வாட்டி உள்ளே சிவப்பாகவே சாப்பிடுவார். பறவைக் காய்ச்சல் அங்கே காட்டு வாத்துகளில் பரவியிருப்பதால் 74 டிகிரி செல்சியஸ்வரை வேகவிடச் சொல்கிறார்கள். நம் மிளகு வறுவலில் அந்தக் கவலையே இல்லை: இஞ்சி, பூண்டு, மிளகு அரைத்துப் புரட்டி இரண்டு மணி நேரம் ஊறவைத்து, சின்ன வெங்காயத்தோடு நல்லெண்ணெயில் மூடிவைத்து நிதானமாக வேகவிடுங்கள். காட்டு வாத்துக்குக் கொழுப்பு குறைவு, எண்ணெயில் கஞ்சத்தனம் வேண்டாம். சமைக்கும் முன் கறியை விரலால் அழுத்தித் தடவிப் பாருங்கள். உள்ளே தங்கிய ஸ்டீல் ரவை பல்லை உடைத்துவிடும்.